பாமினியின் விரல்கள்

"மழை விட்டிட்டுதெண்டால் ஆளைப் பிடிக்கேலாது, ஏரம்பு," என்றார் அருந்ததி மிஸ்.

மழை பெய்தால்தான் ஆள் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும். முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைத்தவன் நான். ஆனால் இன்றைக்கு நாங்கள் தேடுவது சவாரிக்கு ஆள் இல்லை. 'ஆளைக் காணேல்லை' என்று வன்னியில் ஒரு பெண் சொன்னால் கேட்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். யுத்தத்தில் இத்தனை பேர் காணாமல் போன இந்த மண்ணில் அது சும்மா வாயில் எடுக்கிற சொல் அல்ல. காலையில் தன் கணவனைப் பற்றிக் கஜனி அதைச் சொன்னபோது நானும் பயந்தேன். பயந்தால் எனக்கு வாய் கூடும். அது என் வியாதி.

"ஆள் என்ன தவளையே மிஸ், மழை விட்டால் ஓடி ஒளிக்க?"

"நீர் வாயை மூடிக்கொண்டு திரையைப் பாரும்."

மிஸ் முன்னர் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடிக்கும் அதிகாரியாக இருந்தவர். இப்போது கிளிநொச்சியில் சொந்தமாகத் துப்பறியும் கந்தோர் வைத்திருக்கிறார். அந்தக் கந்தோரின் சாரதி, உதவியாளர், தேத்தண்ணி ஊற்றுகிறவர் எல்லாம் ஏரம்பு என்கிற நான் ஒருவன்தான்.

நாங்கள் நின்றது விசுவமடுவில், கஜனியின் கணவன் பிரதீபனின் அறையில். அறை என்றால் அறையா அது? கழற்றிய மடிக்கணினிகள், வயர்க் குவியல், நாலு அச்சுப்பொறி, கால் வைக்க இடமில்லை. பிரதீபன் பகலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணினி திருத்துகிறவன். மற்ற நேரமெல்லாம் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம்தான். யார் வீட்டிலாவது ஒரு கணினி இருமினால் போதும், ஓடிப்போய் லினக்ஸைப் போட்டுவிடுவான். கணினி பிழைத்துக்கொள்ளும், அச்சுப்பொறி செத்துவிடும். பிறகு அச்சுப்பொறியோடு மல்லுக்கட்டி இரண்டு கிழமை சோறு தண்ணி இல்லாமல் கிடப்பான். ஊரில் அவனுக்குப் பெயரே 'லினக்ஸ் தம்பி'.

அவனுடைய பெரிய விளையாட்டு, ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரக் குளக்கட்டில் வைத்த யானைப் பெட்டிகள். உள்ளே ஒரு சின்னக் கணினி, ஒரு கமெரா, மேலே சூரியத் தகடு. யானை வந்தால் படம் பிடித்து, வயல்காரர்களின் போனை அலற வைக்கும். எல்லாரும் மெச்சினார்கள். போன கிழமை, ராசு என்கிற வயல்காரர் அந்தக் குளக்கட்டில் செத்துக் கிடக்கும் வரைக்கும்தான் அந்த மெச்சல். யானை அடித்துவிட்டது என்றார்கள். பெட்டி ஏன் அலறவில்லை என்று கேட்டார்கள். சவம் எடுத்த செத்தவீட்டுக்கு முதல் நாள் ராசுவின் மனைவி அழகம்மா, "ஒன் பெட்டிய நம்பித்தானேப்பா அவரு போனாரு," என்று பிரதீபனின் சேட்டுக் கொலரைப் பிடித்து அழுதாவாம். அன்றைக்குப் போனவன்தான் பிரதீபன். அவன் உயிரோடு இருக்கிறானா என்பதுதான் கஜனி எங்களிடம் கேட்கிற ஒரே கேள்வி.

"உந்தப் பெட்டியளைப் பாரும்," என்றார் மிஸ். திரையில் ஒவ்வொரு பெட்டியின் மின்கலத்திலும் எவ்வளவு மிச்சம் என்று கோடுகள் தெரிந்தன. எல்லாம் அடியில் கிடந்தன. ஒன்றே ஒன்று மட்டும் முட்ட நிரம்பியிருந்தது.

"நாள்கணக்கா வெயில் இல்லை. வெயிலைத் தின்னுற பெட்டியள் எல்லாம் பட்டினி. இது மட்டும் ஏன் கொழுத்திருக்கு?"

"ஆரோ வேற பற்றரி கொண்டுவந்து களவாச் சோறு போடுகினம்."

"ஆர் போடுவினம்?"

"பெத்தவன்," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது.

கஜனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவர் இருக்கிறார்," என்றாள். அதைக் கேள்வியாகச் சொன்னாளா, பதிலாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. கண்ணீர் மட்டும் பொலபொலவென்று வந்தது. உள்ளே ஏணையில் கிடந்த பிள்ளை சிணுங்க, அவள் போய் ஆட்டிவிட்டு வந்தாள்.

"கடைசிப் பெட்டி. குளக்கட்டு முடியிற இடத்தில பழைய காவல் குடில் ஒண்டு இருக்கு," என்று திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னேன். மழை விட்டு வெயில் எறித்திருந்தால் எல்லாப் பெட்டியும் நிரம்பியிருக்கும், எங்களுக்கு இந்த வித்தியாசம் கிடைத்திராது. மிஸ் சொன்னதன் அர்த்தம் அதுதான்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சுக் கேட்டது. ஜெயந்தன். பிரதீபனின் அக்கா தேனுகாவைக் கட்டியவர். 'பெடியன் அவமானத்தில ஏதும் செய்து போடுவான், கெதியாய்க் கண்டுபிடியுங்கோ' என்று எங்களைக் கூப்பிட்டவரே அவர்தான். ராசுவின் வயலுக்குப் பக்கத்து வயல் அவருடையது.

"நல்ல காலம்," என்றார் ஜெயந்தன். "அந்தப் பெட்டி பிடிச்ச படமெல்லாம் பெட்டிக்குள்ளையே இருக்குமோ, இல்லாட்டி இஞ்ச வந்திடுமோ?"

"யானைப் படம் மட்டும்தான் இஞ்ச வரும், அண்ணை," என்றாள் கஜனி. "மிச்சம் பெட்டியோடதான்."

"சரி. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். பிக்கப் நிக்குது. மிஸ், நீங்கள் வரவேண்டாம். அந்நிய ஆக்களைக் கண்டால் காட்டுக்கை இறங்கிடுவான். என்னைக் கண்டால் நிப்பான்."

கஜனி ஓடிப்போய்ப் புட்டும் சம்பலும் கட்டி வந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் மழையில் நனைந்தபடி போய் ஏறினார். நான் கேற்றைத் திறந்துவிட்டேன். கையையும் ஆட்டினேன். என் மடத்தனத்தை என்ன சொல்ல?

நான் உள்ளே வந்தபோது மிஸ் கதிரையில் அசையாமல் இருந்தார். வேலை முடிந்த முகம் இல்லை அது.

"மச்சான் உயிரோட இருக்கிறான் எண்டு கேள்விப்பட்ட மனிசன் முதல்ல என்ன கேக்கும், ஏரம்பு?"

"சாப்பிட்டானோ எண்டு கேக்கும்."

"அவர் பெட்டியைப் பற்றிக் கேட்டவர்."

வெளியே கூரைத் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது. மிஸ் கஜனியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ராசு செத்த அண்டைக்குப் பெட்டி அடிக்கேல்லை. பெட்டி பழுது எண்டு ஊர் சொல்லுது. உம்மட மனிசன் என்ன சொன்னவர்?"

"இருந்து எல்லாத்தையும் கிண்டிப் பாத்தவர். பிறகு 'பெட்டியில பிழை இல்லை, கஜனி' எண்டு சொல்லிப்போட்டு, பேயறைஞ்ச மாதிரி இருந்தவர். ரோசத்தில சொல்லுறார் எண்டு நினைச்சன்."

"பெட்டியில பிழை இல்லையெண்டால்?"

நான்தான் சொன்னேன். "யானை வரேல்லை."

சொன்ன வாயை மூட முடியவில்லை எனக்கு. யானை வராத குளக்கட்டில் ராசு எப்படிச் செத்தார்?

"இந்தப் பெட்டியளை இவர் ஏன் செய்யத் தொடங்கினவர்?" என்று மிஸ் கேட்டார்.

கஜனி தயங்கினாள். "ஜெயந்தன் அண்ணை யானைக்கெண்டு வயலைச் சுத்திக் கரண்ட் கம்பி இழுக்கப் போறன் எண்டவர். வேண்டாம் அத்தான், ஆக்கள் சாவினம் எண்டு இவர் சண்டை பிடிச்சவர். கம்பி வேண்டாம், நான் பெட்டி செய்து தாறன் எண்டுதான் தொடங்கினது."

அறைக்குள் குளிர்ந்தது. நான் யன்னலைச் சாத்தினேன். சாத்தியும் குளிர்ந்தது.

"ஊகம் காணாது," என்றார் மிஸ், தனக்குத்தானே சொல்லுகிற மாதிரி. "பாவம், நல்ல மனிசனாயும் இருக்கலாம். தங்கச்சி, இவர் போன பிறகு இந்தக் கணினியை ஆரும் தொட்டவையோ?"

"தொட்டாலும் திறக்கேலாது. பேரும் கடவுச்சொல்லும் வேணும். எனக்கு வேறயா ஒண்டு போட்டுத் தந்தவர். ஆனா..." அவள் கதிரையை இழுத்துப் போட்டு எதையோ தட்டினாள். "திறக்கத் தெண்டிச்சுத் தோத்த ஆக்களை இது பிடிச்சு வைச்சிருக்கும். அவர் செய்த விளையாட்டு."

திரையில் 'கதவைத் தட்டியவர்கள்' என்று தமிழில் தலைப்பு வந்தது. அதற்குக் கீழே, ராசுவின் செத்தவீடு நடந்த நாளில், தட்டியவர் கொடுத்த பெயர் இருந்தது.

mg;gd;

"இது பேரோ, புழுக்கை போட்டதோ?" என்றேன். "பூனை ஏறி மிதிச்சிருக்கும், மிஸ்."

"பூனை ஒரே மாதிரி மூண்டு தரம் மிதிக்காது."

உண்மைதான். அதே கிறுக்கல் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று தரம் கிடந்தது. மிஸ் கணினியை மூடித் திறக்கச் சொன்னார். முதல் திரை வந்தது. பிரதீபன் அதில் எல்லாவற்றையும் தமிழாக்கி வைத்திருந்தான். கறுப்புத் திரையின் நடுவில், 'உங்கள் பெயர் என்ன?' என்று தமிழில் கேட்டது.

மிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விசைப்பலகையில் விரல்களை வைத்தார்.

"தமிழில கேட்டால் தமிழிலதான் மனம் பதில் சொல்லும், ஏரம்பு. மனம் சொன்னதைக் கை அடிக்கும். கை எந்தத் தமிழைப் படிச்சுதோ, அந்தத் தமிழில அடிக்கும். இது பாமினி."

"எந்தப் பாமினி? புதுக்குடியிருப்புத் தையல்காரப் பாமினியோ?"

கஜனி அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். "அது எழுத்து, அண்ணை. முந்தின ஆக்கள் தமிழ் அடிக்கிற முறை. கையில தமிழ் அடிப்பினம், கணினிக்குள்ள இங்கிலீஸ் எழுத்தாத்தான் விழும். பாமினி எழுத்து இருக்கிற கணினியில அதைத் தமிழாக் காட்டும். இல்லாத கணினியில இப்பிடிப் புழுக்கையாத்தான் காட்டும். இவருக்குப் பாமினி எண்டால் சத்துரு. இந்த வீட்டுக் கணினி ஒண்டிலையும் அது இல்லை."

"அப்ப அடிச்சது உங்கட வீட்டுக்காரர் இல்லை," என்றார் மிஸ். "திரையைப் பாராமல் விரலாலையே தமிழ் அடிக்கப் பழகின ஒரு ஆள்." அவருடைய சின்னவிரல் ஓர் இடத்தில் நின்றது. "அ. ப். ப. ன்."

"அப்பன்," என்றேன். "ஆரின்ர அப்பன்?"

யாரும் சிரிக்கவில்லை. கஜனியின் முகத்தில் இரத்தமே இல்லை.

"அது அவர்தான்," என்றாள். "என்ர மனிசன்ர வீட்டுப்பேர். மாமியார் அப்பிடித்தான் கூப்பிடுறவா. மாமி கண்ணை மூடின பிறகு மச்சாள் தேனுகா மட்டும்தான். நானும் கூப்பிடுறேல்லை. ஊரில ஒருத்தருக்கும் தெரியாது."

நான் மனதில் கணக்குப் போட்டேன். லினக்ஸ் தம்பி ஊருக்குத் தெரிந்த பெயரை வைத்திருக்க மாட்டான், வீட்டுப் பெயரைத்தான் வைத்திருப்பான் என்று யோசித்து அடித்திருக்கிறான் வந்தவன். கெட்டிக்காரன். ஆனால் தலை ஒன்றை நினைக்க, விரல் தன் பழைய பழக்கத்தில் வேறொன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டது.

"உம்மட மச்சாளுக்குக் கணினி தெரியுமோ?"

"மச்சாளுக்கு ரீவியே தெரியாது, மிஸ்." கஜனி கேற்றுப் பக்கம் பார்த்தாள். "மச்சாளின்ர புருசனுக்குத்தான் தெரியும். ஜெயந்தன் அண்ணை வயல் வாங்க முதல் கனகராயன்குளத்தில ரைப்பிங் வகுப்பு வைச்சிருந்தவர். கண்ணைக் கட்டிப்போட்டு அடிக்கச் சொல்லிப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சவர். செத்தவீட்டண்டைக்கு நாங்கள் எல்லாரும் அழகம்மாவோட நிண்டம். அவர் மட்டும் கதிரை எடுக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் பிந்தித்தான் வந்தவர். வீட்டுப் பூட்டின்ர திறப்பு அவரிட்டத்தான் குடுத்திருந்தன்."

மிஸ் எழும்பியே விட்டார்.

இப்போது எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்? ராசுவைக் கொன்றது ஜெயந்தன் களவாக இழுத்த கரண்ட் கம்பி. கம்பியின் சொந்தக்காரன் உடலைக் குளக்கட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டு யானையின் தலையில் பழியைப் போட்டிருக்கிறான். அதைக் கடைசிப் பெட்டி பார்த்திருக்கிறது. பெட்டி பார்த்ததைப் பிரதீபன் பார்த்திருக்கிறான். அந்தப் படம் இங்கே இருக்குமோ என்றுதான் ஜெயந்தன் செத்தவீட்டன்று இந்தக் கணினியைத் தட்டிப் பார்த்திருக்கிறான்.

"பொலிசுக்குப் போனால் அக்காட வாழ்க்கை போச்சு. போகாட்டி ராசுவின்ர சாவுக்குத் தான்தான் காரணம் எண்டு ஊர் சொல்லும்," என்றார் மிஸ், செருப்பைத் தேடிக்கொண்டே. "ரெண்டுக்கும் நடுவில நிண்டுதான் அந்தப் பெடியன் குடிலுக்குள்ள ஒளிச்சிருக்கிறான். அவனை எங்க தேடுறதெண்டு தெரியாமல்தான் ஜெயந்தன் எங்களைப் பிடிச்சது. நாங்களும் தேடிக் குடுத்திட்டம்."

குளக்கட்டு முடிகிற இடம், பழைய காவல் குடில் என்று அடையாளம் சொல்லிக் கொடுத்தது நான். கேற்றைத் திறந்து விட்டதும் நான். எனக்கு என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருந்தது.

மிஸ் தனக்குத் தெரிந்த ஒரு பொலிஸ் அதிகாரிக்குப் போன் எடுத்தார். விசயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். குளத்தடிக்கு ஒரு ஜீப், இந்த வீட்டுக்கு ஒரு ஜீப் என்று கேட்டார். அங்கிருந்து வந்த பதில் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் மிஸ்ஸின் முகத்தில் தெரிந்தது: மழை, ரோட்டில் வெள்ளம், பிந்தும்.

"பிரதீபனின்ர போன்?"

"நிப்பாட்டி வைச்சிருக்கிறார். பெட்டியளுக்கு மட்டும் இஞ்சயிருந்து எழுத்து அனுப்பலாம், மிஸ். கோயில் கோபுரத்தில ஒரு அன்ரனா பூட்டியிருக்கிறார். பெட்டியில சின்னத் திரை ஒண்டு இருக்கு. அதுக்குப் பக்கத்தில இருந்தாரெண்டால் பார்ப்பார்."

"இருந்தாரெண்டால்," என்று நான் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

கஜனி அடித்தாள். அவளுடைய விரல்கள் இரண்டு தரம் வழுக்கின. 'ஜெயந்தன் அத்தான் வாறார். நம்பாதேங்கோ. ஓடுங்கோ. கஜனி.' அனுப்பிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

பதில் வரவில்லை. மழை குறைந்து, கிழக்குப் பக்கம் வெளித்தது. அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. கஜனி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மிஸ் அவளுடைய தோளில் கை வைத்திருந்தார்.

திடீரென்று கடைசிப் பெட்டியின் கோடு திரையில் இல்லாமல் போனது.

"ஐயோ," என்றேன். "உடைச்சுப்போட்டான் பாவி."

கஜனி முன்னால் குனிந்தாள். கோடு இருந்த இடத்தில் ஒரு சின்ன வரி வந்திருந்தது. 'பெட்டி ஒழுங்காக மூடப்பட்டது.'

அவள் அழுகையும் சிரிப்புமாக வாயைப் பொத்தினாள். "உடைச்சிருந்தால் இப்பிடிச் சொல்லாது, அண்ணை. சத்தமில்லாமல் செத்துப்போயிருக்கும். இது ஆரோ கட்டளை குடுத்து, பொறுத்து நிண்டு மூடியிருக்கினம். உலகத்தில ஒரு விசரன்தான் அப்பிடிச் செய்வான். எனக்குப் பிள்ளை பிறக்க நோக் கண்ட அண்டைக்கும் கணினியை ஒழுங்கா மூடிப்போட்டுத்தான் ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவர். வழி நெடுகத் திட்டினனான்."

"அப்ப ஆள் தப்பிட்டான்," என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதை மறைக்க நான் கஷ்டப்படவில்லை.

அந்த மகிழ்ச்சி மிஸ்ஸின் போன் அடிக்கும் வரைக்கும் இருந்தது. ஜெயந்தன். மிஸ் ஸ்பீக்கரில் போட்டார்.

"மிஸ், இஞ்ச ஒரு குருவியும் இல்லை," என்றது அந்தக் குரல். மூச்சு வாங்கியது. மற்றபடி நிதானமான குரல்தான். "குடிலுக்குள்ள அடுப்பு இன்னும் சுடுது. பெட்டியைத் திறந்து உள்ளுக்கை இருந்ததைக் கழட்டிக்கொண்டு போயிட்டான். பயந்திட்டான்போல கிடக்கு. இனிக் காட்டுக்கை தேடேலாது." பிக்கப்பின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "கஜனி வீட்டிலதானே நிக்கிறா? அவவும் பிள்ளையும் கூப்பிட்டால்தான் அவன் வருவான். நான் வந்து ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு போறன்."

நான் கஜனியைப் பார்த்தேன். அவள் மிஸ்ஸைப் பார்த்தாள்.

"ஓம், நிக்கிறா," என்றார் மிஸ், குரல் மாறாமல். "வாங்கோ."

போனை வைத்ததும் மிஸ் என் பக்கம் திரும்பினார். "ஏரம்பு, வண்டியை எடும். இவையளை நேரே பொலிசில கொண்டுபோய் விடும்."

"நான் வரேல்லை, மிஸ்," என்றாள் கஜனி.

"விசர்க்கதை கதைக்காதையும்."

"நான் இல்லையெண்டு கண்டால் ஜெயந்தன் அண்ணை திரும்பிக் காட்டுக்குத்தான் போவார். இவர் பெட்டியில கழட்டின படங்களோட ரோட்டுக்கு வந்து சேரவேணும். அதுவரைக்கும் அந்த மனிசன் இஞ்ச, இந்தக் கதிரையில இருக்க வேணும்." அவள் இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "எனக்கு இவர் உயிரோட வேணும், மிஸ்."

மிஸ் கேற்றடிக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். ஜீப் ஒன்றும் வரவில்லை. பிறகு கஜனிக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, அதில் தானும் இருந்துகொண்டார்.

கஜனி ஏணையில் இருந்து பிள்ளையைத் தூக்கி என்னிடம் தந்தாள். "இவளை மட்டும் கொண்டு போங்கோ, ஏரம்பு அண்ணை. எழும்பினால் பால் கேப்பாள். போத்தில் பையுக்கை இருக்கு."

அந்த நேரம் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. பிள்ளை நித்திரையிலேயே என் தோளில் முகத்தை வைத்தது. நான் முற்றத்துச் சேற்றில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். கஜனி முன்கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, வருகிறவருக்குத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போய்க்கொண்டிருந்தாள்.